இரண்டு தடவை அழுத்தினால்

கத்தரிக்கோல் என் வலது காதுக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றுவிட்டது. இடது கை என் உச்சந்தலையில் ஒரு கற்றை முடியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே இருக்கிறது. மார்வா யான்சி மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. அவருடைய மேலங்கிப் பைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "மேற்கு ரோட்டுல மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்காம். பக்கத்துல யாரு இருக்கீங்க?" என்று கேட்கிறது.

"அது நேத்தே சாஞ்சிருச்சு ட்ரூடி. நீ இப்பத்தான் கண்ணு முழிச்சியா?" என்று மார்வா பைக்குள் குனிந்து சொல்கிறார். பிறகு என் காதுக்கு மேலே கச் கச் என்று இரண்டு வெட்டு.

பையில் இருப்பது ஸ்கேனர். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், சாலைத் துறை லாரி என்று ஊரில் ரேடியோ வைத்திருக்கிறவர்கள் பேசுவதையெல்லாம் அது தேடிப் பிடித்துக் கேட்க வைக்கும். கேட்க மட்டும்தான். அதில் பேச முடியாது. இது மார்வாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வார். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் ட்ரூடிக்குத் தான் முப்பத்தொரு வருடமாக இவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பது இன்றுவரை தெரியாது.

டார்னல்ஸ் கார்னர் என்கிற எங்கள் ஊரில் முடி வெட்ட இந்த ஒரு நாற்காலிதான். வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடி, தலை உலர்த்தும் தொப்பி மாட்டிய ஓர் இருக்கை, காத்திருக்க இரண்டு மடக்கு நாற்காலி. கூடத்தைத் தாண்டினால் அடுப்படி. ஆண்களும் இங்கேதான் வெட்டிக்கொள்கிறோம். வேறு கடைக்கு இருபத்தாறு மைல் போகவேண்டும். போனாலும் அங்கே ஊர்ச் செய்தி கிடைக்காது. தபால் நிலையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்திருக்கிற எனக்கே, யார் வீட்டுப் புகைபோக்கி பற்றிக்கொண்டது என்பது மார்வாவின் நாற்காலியில்தான் தெரியவரும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தபாலு என்பார். மாதத்தில் மூன்றாம் புதன்கிழமை என் முறை.

உலர்த்தும் தொப்பிக்கு அடியில் எப்போதும் பக்கத்து வீட்டு ஆர்டிஸ் இருப்பார். எண்பத்து மூன்று வயது. காற்றுச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் விழாது. ஸ்கேனர் பேசி மார்வாவின் கத்தரி நின்றால் உடனே கையை உயர்த்தி, "என்னவாம்? என்னவாம்?" என்பார். மார்வா தன் சரக்கைக் கொஞ்சம் கூட்டி, கத்திச் சொல்வார். ஆகவே மரம் என்பது ஆர்டிஸ் காதுக்குப் போகும்போது இரண்டு மரமாகிவிடும்.

எதையும் இரண்டு தடவை செய்வது மார்வாவின் கையோடு பிறந்த பழக்கம். வாசற்கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். சூப்புக்கு உப்பை இரண்டு தடவை போடுவார். கத்தரி கச் கச் என்றுதான் விழும், ஒற்றைக் கச் அவருக்கு வராது. இதை நான் சும்மா சொல்லவில்லை. இந்தப் பழக்கம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவருடைய கணவர் எல்வின் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். ஒன்பதாம் எண் லாரி. பெரிய ஏரியிலிருந்து ஈரக்காற்று ஏறி எங்கள் மலைக்குப் பனி வந்தால் மூட்டை மூட்டையாகத்தான் வரும். கொட்ட ஆரம்பித்தால் முன்னால் போகிற வண்டியின் விளக்கு தெரியாது. எல்வின் அதிகாலை நான்கு மணிக்குப் போய் பிற்பகல் மூன்று மணி வாக்கில் முடிப்பார். பேச்சை உப்பைப் போல அளந்து தூவுகிற மனிதர். தபால் நிலையத்துக்கு வந்தால் "ஸ்டாம்ப்" என்பார், வாங்கிக்கொண்டு தலையாட்டுவார், அவ்வளவுதான்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஒருநாள் எல்வின் காற்றாலை மேட்டில் சிக்கிக்கொண்டு மறுநாள் மதியம்தான் வீடு திரும்பினார். அந்த ஒரு நாளை மார்வா என்னிடம் விவரித்ததே இல்லை. "அத விடு" என்பார். அடுத்த வாரமே கறுப்புப் பெட்டி ஒன்று வாங்கி வந்து கண்ணாடிக்கு மேல் அலமாரியில் வைத்தார். பழைய மாதிரி ஸ்கேனர். எல்வின் சொந்த விஷயம் எதையும் ரேடியோவில் பேசக்கூடாது. பேசுகிற ஆளும் இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு. வேலை முடிந்து கிளம்பும்போது பேசாமல் மைக்கின் பொத்தானை மட்டும் இரண்டு தடவை அழுத்துவார். பெட்டியில் டிக் டிக் என்று விழும். மார்வா, "சரி, வா" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்ற வைப்பார். எல்வின் வீடு வந்து சேர இருபத்திரண்டு நிமிடம். சின்ன உருளைக்கிழங்கு உப்புத் தண்ணீரில் வேக இருபத்திரண்டு நிமிடம். வெண்ணெயை உருக்கி ஊற்றவும் காலணியை உதறிக்கொண்டு எல்வின் உள்ளே வரவும் சரியாக இருக்கும். முப்பத்தொரு குளிர்காலம் இப்படியே நடந்திருக்கிறது. ஒரு நாளும் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லையாம்.

போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை மாவட்டம் எல்லா ரேடியோவையும் டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டது. கறுப்புப் பெட்டியில் வெறும் இரைச்சல். மார்வா ஆன்டெனாவைத் திருப்பினார், ஹேர்பின் சொருகினார், உச்சியில் இரண்டு தட்டு தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் எல்வின் வந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றி வைத்தார். "இனி இது பேசாது. போன் இருக்கே" என்றார். அவர் அளவுக்கு அது பெரிய சொற்பொழிவு. காற்றாலை மேட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

மார்வா அன்றே யாரிடமும் சொல்லாமல் புதுப் பெட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டார். கைக்கடக்கமானது, டிஜிட்டல் பேச்சையும் பிடிக்கும். விலை நான்கு பனிக்கால டயர் வாங்குகிற விலை. பார்சல் வந்ததும் என் ஜன்னலிலேயே பிரித்தார்.

"எல்வினுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு. திரும்ப டிக் டிக்குனு தட்டுவாரு."

"அதான் வேணாங்கிறேன். நான் கேக்குறேன்னு தெரிஞ்சுக்கிட்டு தட்டுனா அது எனக்கெதுக்கு? பெட்டி செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு அந்தாளு தட்டுறாரான்னு பாக்கணும்."

"அப்படி யாராவது தட்டுவாங்களா?"

"மாட்டாங்கள்ல? பாப்போம்" என்று ஆன்டெனாவை எடுத்து இரண்டு தடவை திருகினார்.

என் முறை வந்த புதன்கிழமை அவர் முன்னறையில் பெட்டியை இயக்கியதும் அது முதலில் கேட்டது அஞ்சல் எண். "ஏ தபாலு, உன் நம்பரைத்தான் கேக்குது!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எண்ணைப் போட்டோம். அடுத்து, எத்தனை மைல் சுற்றளவுக்குத் தேடவேண்டும் என்று கேட்டது. "நெறையப் போடு, குடுத்த காசுக்கு" என்றார். ஐம்பது போட்டேன். அங்கேதான் முதல் சனி பிடித்தது.

ஐம்பது மைலில் என்னென்னவோ இருக்கிறது. குப்பை வண்டிகள் பேசின. மூன்று மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகள் பேசின. எங்கோ ஒரு விமான நிலையத்தில் யாரோ யாரையோ இறங்காதே என்றார்கள். ஏதோ பெரிய ஓட்டலில் நான்காம் மாடிக்குத் துண்டு கேட்டார்கள். கொண்டுபோனார்களா என்று தெரிவதற்குள் பெட்டி அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டது. ஆர்டிஸ் இதில் மிகவும் மனம் புண்பட்டார். அடுத்த வாரமும் தொப்பிக்கு அடியிலிருந்து, "அந்த நாலாம் மாடிக்காரங்களுக்குத் துண்டு வந்துச்சா?" என்றார். எங்கள் ஊரில் யார் வீட்டு மாடு ஓடிப்போனது என்பது மட்டும் தெரியவில்லை.

கையேடு பெட்டிக்குள் இல்லை, இணையத்தில் இருந்தது. மார்வா நூலகத்தில் நூற்று நாற்பது பக்கத்தையும் அச்செடுத்து, முடி சுருட்டும் கிளிப்பால் இறுக்கி, சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். தலைக்குச் சாயம் பூசிவிட்டு அது ஊறும் முக்கால் மணி நேரத்தில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். முதலில் சுற்றளவைப் பன்னிரண்டு மைலாகச் சுருக்கினார். பிறகு தீ, ஆம்புலன்ஸ், சாலை இந்த மூன்று வகையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அணைக்கக் கற்றார். இருந்தும் சில குப்பை வண்டிகள் சாலைத் துறை என்ற பெயரில் உள்ளே வந்துவிடும். பொத்தான்கள் சின்னவை, எழுத்து அதைவிடச் சின்னது. ஆகவே நகப்பூச்சை எடுத்தார். மெனுவுக்கு முத்து நிறம். ஒரே பேச்சில் பெட்டியை நிறுத்திவைக்கும் பொத்தானுக்கு ரோஜா நிறம். வேண்டாத பேச்சை விரட்டும் 'விலக்கு' பொத்தானுக்கு நல்ல இரத்தச் சிவப்பு.

அந்தச் சிவப்புப் பொத்தானைக் கண்டுபிடித்த பிறகு மார்வாவைப் பிடிக்க முடியவில்லை. குப்பை வண்டியா? டக் டக். பேருந்தா? டக் டக். ஈ அடிக்கிற மட்டை கையில் கிடைத்த மாதிரி. "வாழ்க்கையில எல்லாத்துக்கும் இப்படி ஒரு பொத்தான் இருக்கணும் தபாலு. எங்க மாமியாருக்கு மொத அழுத்து" என்றார். 

ஒரு தடவை அழுத்தினால் பெட்டியை அணைக்கும் வரைக்கும்தான் அந்தப் பேச்சு விலகும், இரண்டு தடவை அழுத்தினால் நிரந்தரமாக விலகிவிடும் என்பது கையேட்டின் அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மார்வா நவம்பரில் நாற்பதாம் பக்கத்தில்தான் இருந்தார்.

அந்த நவம்பர் முதல் வாரத்தில் ஒரு தொந்தரவு. சாலைத் துறைக்குப் புது ரேடியோ ஏற்பாட்டில் இரண்டு தடம், அதாவது இரண்டு சேனல், கொடுத்திருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையோடு பேச ஒன்று, லாரிகள் தங்களுக்குள் பேச இரண்டு. இந்த இரண்டாவதில் பெட்டி திடீரென்று போய் நிற்கும். விளக்கு எரியும், ஏதோ எண் வரும், சத்தமே இருக்காது. அணையும். மறுபடி எரியும். அணையும். ஆம்புலன்ஸ் யார் வீட்டுக்குப் போகிறது என்ற நல்ல கட்டத்தில் இப்படிச் செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"பேசவும் மாட்டேங்குது, விடவும் மாட்டேங்குது. பேயி" என்று சொல்லி, மார்வா சிவப்புப் பொத்தானை அழுத்தினார். டக் டக். பேய் போய்விட்டது.

குளிர்காலம் நன்றாக இறங்கியது. மார்வா தேறிவிட்டார். பேசுகிறவரின் எண் திரையின் கீழே சிறிய எழுத்தில் வரும் என்பதை ஜனவரியில் கண்டுபிடித்தார். முன்பதிவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே ஆளை எழுதினார். 1409 எல்வின். எல்வின் முதல் தடத்தில் காலையில் ஒரு தடவை "ஒன்பது, கிளம்பியாச்சு" என்பார். அதோடு சரி. சில நாள் பத்து மணிக்கு ட்ரூடி, "ஒன்பது, எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "சர்ச் முக்கு, உப்பு தூவுறேன்" என்பார். பனி உருக ரோட்டில் உப்புத் தூவுவதும் அவர் வேலைதான், ஆனால் சர்ச் முக்கில் இருப்பது பேக்கரி. எல்வினுக்குச் சர்க்கரை வியாதி. "தூவு தூவு, வீட்டுக்கு வா, நானும் தூவுறேன்" என்று மார்வா பைக்குள் பல்லைக் கடிப்பார். ஆனால் வீட்டில் கேட்க முடியாது. கேட்டால் பெட்டி இருப்பது தெரிந்துவிடும்.

டிக் டிக் மட்டும் வரவேயில்லை. மூன்று மணி நெருங்கினால் மார்வாவின் கத்தரி மந்தமாகிவிடும். இதை நான்கு மாதம், மாதம் ஒரு புதன்கிழமை, என் தலையாலேயே உணர்ந்திருக்கிறேன். பெட்டியை எடுத்து அலமாரியில் நிற்க வைப்பார். மூன்றேகால் வரைக்கும் பார்ப்பார். எதுவும் வராது. வாசலில் காலணி உதறும் சத்தம் கேட்டதும் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். எப்போது அடுப்புப் பற்றவைப்பது என்று தெரியாமல் உருளைக்கிழங்கு ஒருநாள் கூழாகும், ஒருநாள் ஆறிப்போகும். எல்வின் இரண்டையும் ஒரே மாதிரி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாராம். "ஆறிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் என்ன?" என்று அதற்கும் மார்வாவுக்குக் கோபம்.

"நேரா கேட்டுருங்களேன்" என்று டிசம்பரில் சொல்லிப் பார்த்தேன்.

"கேட்டு வாங்க அது என்ன காப்பியா?" என்றார். அன்று என் பிடரியைக் கொஞ்சம் அதிகமாகவே வழித்துவிட்டார். அவர் வருத்தம் எனக்கும் தொற்றிக்கொண்டது. எல்வின் ஸ்டாம்ப் வாங்க வந்தபோது அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஸ்டாம்பைக் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரியின் மூன்றாம் புதன்கிழமை காலையிலிருந்தே கொட்டித் தள்ளியது. பள்ளி கிடையாது. தபால் வண்டி வரவில்லை. மதியம் கதவைச் சாத்திவிட்டு நடந்தே மார்வா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆர்டிஸ் தொப்பிக்கு அடியில் இருந்தார். புதன்கிழமை தலையலங்காரம் என்றால் அவருக்கு உலகமே முடிந்தாலும் புதன்கிழமைதான்.

இரண்டு மணி இருக்கும். என் தலையில் வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் ஆரம்பித்திருந்தார். பையிலிருந்து ட்ரூடி பேசினார். குரலில் வழக்கமான தூக்கம் இல்லை.

"காற்றாலை மேட்டு ரோட்டுல லாரி ஒண்ணு கவுந்து கெடக்காம். ஆம்புலன்ஸ் கெளம்பியாச்சு. பனி லாரி எல்லாம் ரெண்டாந் தடத்துக்கு மாறிடுங்க, ஒண்ணை ஆம்புலன்ஸுக்கு விடுங்க."

அதோடு சாலைத் துறை அடங்கிவிட்டது. காற்றாலை மேடு எல்வினின் பாதை.

"என்னவாம்? என்னவாம்?" என்றார் ஆர்டிஸ். மார்வா பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார். ஆம்புலன்ஸ்காரர் வழி கேட்டுக்கொண்டு போவது கேட்டது. லாரிக்காரர்கள் ஒருவர் குரலும் இல்லை.

"ரெண்டு எங்க? தபாலு, எம் பெட்டியில ரெண்டே வரலியே?"

"ட்ரூடிக்குப் போன் போடட்டுமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சொன்னதை விழுங்கினேன். அந்த மாதிரி நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுகிற பனி லாரிக்காரர் மனைவி எங்கள் மாவட்டத்தில் கிடையாது. எல்வினின் போனுக்குச் சிக்னல் கிடையாது. மிச்சம் இருந்தது கையேடுதான். போர்த்திய துணியோடு எழுந்து அதை எடுத்துப் புரட்டினேன். அறுபத்தொன்றாம் பக்கம் வந்தது.

"விலக்கு பொத்தானை ஒரு தடவ அழுத்தினா தற்காலிகம். ரெண்டு தடவ அழுத்தினா நிரந்தரமா விலகிடும்" என்று படித்தேன்.

மார்வா சிவப்புப் பொட்டைப் பார்த்தார். "நான் எதத்தான் ஒரு தடவ அழுத்தியிருக்கேன்?" என்றார். குரல் உள்ளே போய்விட்டது.

"அடுத்த பக்கத்துல வழி இருக்கு. முத்துக் கலரை அழுத்துங்க. கீழ போங்க. இன்னும் கீழ. 'விலக்கினதையெல்லாம் திரும்பச் சேர்.' அதுதான். அழுத்துங்க."

இரண்டு தடவை அழுத்தினார். இரண்டாவது அழுத்தில் சுற்றளவும் வகையும்கூட முதலில் இருந்தபடியே திரும்பிவிட்டன. நான்கு மாதமாக விரட்டப்பட்டவர்கள் அத்தனை பேரும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். குப்பை வண்டிகள், பேருந்துகள், விமான நிலையம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஓட்டலும் வந்தது. ஆர்டிஸ் தொப்பியைத் தூக்கிவிட்டு, "துண்டு கேட்டாங்களே, அவங்களா?" என்றார். மார்வாவின் கட்டைவிரல் ரோஜாப் பொத்தானின் மேல் காத்திருந்தது. குப்பை வண்டி ஒன்று பேசி முடித்தது. திரையில் இரண்டாம் தடம் வந்தது. அழுத்தினார். பெட்டி அங்கேயே நின்றது.

யாரோ ஓர் இளைய குரல், "ஒன்பது, உங்க வண்டி எப்படி இருக்கு?" என்றது.

1409 என்று திரையில் வந்தது. "எனக்கென்ன" என்றார் எல்வின். "கவுந்தது பால் லாரி. நான் பின்னால வந்தேன். டிரைவருக்கு நெத்தியில சின்னக் காயம். என் வண்டியில ஏத்தி உக்கார வச்சிருக்கேன். என் பிஸ்கட்டையெல்லாம் தின்னுட்டாரு."

"என்னா பிஸ்கட்டு?" என்று மார்வா பெட்டியைப் பார்த்துக் கத்தினார். "உனக்கு யாருய்யா பிஸ்கட்டு குடுத்தா? எத்தன பிஸ்கட்டு? டிரைவரே, நீங்க தின்னுங்க, ஒண்ணுகூட மிச்சம் வைக்காதீங்க!"

கத்திவிட்டு மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தத் துண்டில் என் முடி இருந்தது. நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தேன். ஆர்டிஸுக்கு மட்டும் யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. "இந்த வீட்டுல காசு குடுத்துத்தான் தலையலங்காரம் பண்ணிக்கறேன்" என்று அவர் முறையிட்ட பிறகு, மார்வா கத்திச் சொன்னார். பால் லாரி இரண்டாகவில்லை. அன்று அவருக்குக் கூட்டிச் சொல்லத் தெம்பில்லை.

பிறகு இடப்பக்கத்தைத் தொடர்ந்தார். பெட்டி அலமாரியிலேயே, இரண்டாம் தடத்திலேயே நின்றிருந்தது. அதைத் திருப்ப இருவருக்கும் தோன்றவில்லை. ஜன்னலில் பனி கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவரை ஏற்றிக்கொண்டு போனது, லாரிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குத் திரும்பின. எல்லாம் அந்தத் தடத்திலேயே கேட்டது. அப்புறம் ஒருவரும் பேசவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெட்டியின் விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. திரையில் 1409. அணைந்தது.

மறுபடி எரிந்தது. 1409. அணைந்தது.

கத்தரிக்கோல் என் இடது காதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியில் மார்வாவின் முகத்தைப் பார்த்தேன்.

"நவம்பர்ல நான் அடிச்சு வெரட்டுன பேயி இதுதான் தபாலு" என்றார் மெதுவாக.

பழைய பெட்டியில் பொத்தானை அழுத்தினால் அந்த அழுத்தமே சத்தமாக விழும். புது ரேடியோ அப்படியில்லை. பேச்சு இருந்தால்தான் அனுப்பும், பேசாமல் அழுத்தினால் அழுத்தியவர் எண்ணை மட்டும் காட்டும். முதல் தடத்தில் அழுத்தினால் ட்ரூடி எண்ணைப் பார்த்து, "ஒன்பது, என்ன வேணும்?" என்று கேட்டுவிடுவார். அதற்காகத்தான் எல்வின் இரண்டாவதுக்குப் போயிருக்க வேண்டும். அலமாரியில் வயர் சுற்றிக் கிடந்த கறுப்புப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தேன். சுற்றி வைத்தது எல்வினின் கை. அது செத்துவிட்டது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்தும் நான்கு மாதமாக, கேட்க யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, கிளம்பும்போதெல்லாம் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்.

"என்னவாம்?" என்றார் ஆர்டிஸ்.

மார்வா பெட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பதில் சொல்கிறவர், அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தரிக்கோலை என் மடியில் வைத்தார். சீப்பையும் வைத்தார். இடப்பக்கம் பாதி அப்படியே நிற்க, என்னைத் தாண்டி, ஆர்டிஸைத் தாண்டி, கூடத்தைக் கடந்து உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரத்துக்குள் உருளைக்கிழங்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அப்புறம் அடுப்புப் பற்றியது.